சொற்களும் குறியீடுகளும்: ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர்

நுழையும்முன்

கண்ணால் கண்டதைக் கையால் வரைவது ஓவியத்தின் ஒரு நிலை. காணாததையும் கனவில் தோன்றுவதையும் கருத்தில் எழுவதையும் வரைவது மற்றொரு நிலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் எழுந்த புதிய கலை இயக்கங்கள், ஓவியத்தை இரண்டாம் நிலைக்கு இட்டுச்சென்றன. அவ்வியக்கங்களின் காற்று தமிழ்நாட்டுக் கரையையும் தொட்டது. வந்த காற்றில் அடித்துச்செல்லப்படாமல், அதனைத் தம் பாய்மரத்தில் பிடித்துத் தம் திசையில் கலம் செலுத்தியவர் கே. சி. எஸ். பணிக்கர். அவருடைய வாழ்வும் கலையும் இப்பாடத்தில் விளக்கப்படுகின்றன.

இளமையும் ஓவிய நாட்டமும்

பணிக்கர் 1911 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் கோயம்புத்தூரில் பிறந்தார். அவர்தம் குடும்பம் மலபார்ப் பகுதியைச் சேர்ந்தது. பொன்னானிக்கு அருகிலுள்ள வெளியங்கோடு என்னும் ஊரும் அதனைச் சூழ்ந்த நீர்நிலைகளும் தென்னந்தோப்புகளும் அவருடைய இளமைக் காலத்து உலகமாக விளங்கின. பன்னிரண்டு வயதிலேயே இயற்கைக் காட்சிகளை வரையத் தொடங்கினார். நீரில் விழும் மரநிழல், வாய்க்காலில் மிதக்கும் ஓடம், பச்சையும் நீலமும் கலந்த மாலைப்பொழுது ஆகியவை அவர் கண்ணையும் கையையும் பழக்கின. பதினேழு வயதில் சென்னைக் கலைக் கண்காட்சியில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைக்கும் அளவுக்குத் தேர்ச்சி பெற்றார்.

எனினும், ஓவியத்தையே வாழ்வாகக் கொள்ளும் வாய்ப்பு அவருக்கு உடனே கிட்டவில்லை. குடும்பப் பொறுப்பு முன்னின்றது. தந்தித் துறையில் சில காலம் பணியாற்றினார். கை வேலை செய்தது. மனமோ வண்ணங்களைத் தேடியது. இறுதியில் 1936 ஆம் ஆண்டு, தம் இருபத்தைந்தாம் வயதில், சென்னை அரசு கலை மற்றும் கைவினைப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். நிலையான வருவாயை விட்டுவிட்டு, பள்ளி மாணவரைப் போல மீண்டும் பென்சிலைக் கையில் எடுப்பதற்குத் துணிவு வேண்டும். அத்தகைய துணிவு அவர் வாழ்வில் பின்னரும் பலமுறை வெளிப்பட்டது.

ஆசிரியரும் மாணவரும்

அக்காலத்தில் அப்பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை மெரினா கடற்கரையில் இன்றும் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்த சிற்பி அவரே. கைவினைப் பயிற்சிக்கே முதன்மை அளித்துவந்த பள்ளியில், தனிக் கலைஞரின் படைப்பாற்றலுக்கு இடம் தந்தவர் அவர். மாணவர்களை வெளியிடங்களுக்கு அனுப்பி, உயிருள்ள உருவங்களை நேரில் நோக்கி வரையச் செய்தார்.

பணிக்கர் 1940 ஆம் ஆண்டு பயிற்சியை நிறைவு செய்து, அடுத்த ஆண்டே அங்கு ஆசிரியரானார். 1957 இல் ராய் சௌத்ரி ஓய்வு பெற்றபின் முதல்வர் பொறுப்பேற்று, 1967 வரை அப்பணியில் இருந்தார். ஒரே வளாகத்தில் மாணவராய் நுழைந்து முதல்வராய் வெளியேறிய அவர், தமிழ்நாட்டு நவீன ஓவியத்தின் போக்கையே அவ்விடத்திலிருந்து மாற்றியமைத்தார்.

| தெரிந்து தெளிவோம்
| சென்னைக் கலைப் பள்ளியை 1850 ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கினார். இந்தியாவின் மிகப் பழமையான கலைப் பயிற்சி நிறுவனங்களுள் ஒன்றான அது, இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என்னும் பெயரில் சென்னைப் பெரியமேட்டில் இயங்கிவருகிறது.

ஆசிரியராய் இருந்தபோதே, 1944 ஆம் ஆண்டு முற்போக்கு ஓவியர் சங்கத்தை அவர் நிறுவினார். கல்கத்தாவில் 1943 இலும் பம்பாயில் 1947 இலும் இத்தகைய கலைஞர் குழுக்கள் தோன்றின. நாடு விடுதலையை நெருங்கிக்கொண்டிருந்த அக்காலத்தில், கலைஞர்களும் தமக்குரிய புதிய பாதையைத் தேடத் தொடங்கியிருந்தனர் என்பதை இது காட்டும். தனித்தனியே உழைத்துவந்த ஓவியர்கள் ஒன்றுகூடிக் கண்காட்சி நடத்தவும், கருத்துகளைப் பகிர்ந்துகொள்ளவும் சங்கம் வழிசெய்தது. 1961 முதல் ‘ஆர்ட்ரெண்ட்ஸ்’ என்னும் கலை இதழும் சங்கத்தின் சார்பில் வெளிவந்தது.

மேலை நாட்டில் எழுந்த புதிய அலைகள்

பணிக்கர் வாழ்ந்த காலத்தின் கலைச்சூழலை உணர்ந்தால்தான் அவர் எதிர்கொண்ட சிக்கல் விளங்கும். ஐரோப்பிய ஓவியர் பலநூறு ஆண்டுகளாகப் பொருள்களை உள்ளது உள்ளவாறு காட்டுவதில் தேர்ந்திருந்தனர். ஒளிப்படக்கருவி வந்தபின் அப்பணியைக் கருவியே செய்யத் தொடங்கியது. ஓவியர் வேறு வழி தேட நேர்ந்தது. ஒளியும் வண்ணமும் கண்ணில் ஏற்படுத்தும் பதிவைச் சிலர் தீட்டினர். வின்சென்ட் வான்கா, பால் கோகென் போன்றோர் வண்ணத்தைத் தம் உணர்ச்சியின் மொழியாக்கினர். பிக்காசோவும் பிராக்கும் ஒரு பொருளைப் பல கோணங்களில் ஒரே நேரத்தில் கண்டதுபோல் உடைத்து அடுக்கினர்.

முதல் உலகப்போரின் பேரழிவு மற்றொரு திருப்பத்தை உண்டாக்கியது. அறிவையும் ஒழுங்கையும் போற்றிய நாகரிகமே இலட்சக்கணக்கானோரைக் கொன்று குவித்ததைக் கண்ட கலைஞர்கள், அந்த ஒழுங்கின்மீதே ஐயம் கொண்டனர். 1916 இல் சூரிக் நகரில் தாதாயியம் பிறந்தது. 1924 இல் பாரிசில் ஆந்திரே பிரெத்தோன் என்னும் கவிஞர் அறிக்கை ஒன்றை வெளியிட, சர்ரியலிசம் எனப்படும் மீமெய்ம்மையியல் இயக்கமாக உருப்பெற்றது. சிக்மண்ட் பிராய்டு கனவுகளைப் பற்றியும் அடிமனத்தைப் பற்றியும் ஆராய்ந்து கூறியவை அதற்கு ஊற்றாக அமைந்தன. விழிப்பு நிலையில் மனிதர் மறைத்துவைப்பது கனவில் வெளிப்படும். அக்கனவின் உண்மையைக் கலை பேச வேண்டும் என்பது அவ்வியக்கத்தாரின் கொள்கை. எண்ணத்தின் கட்டுப்பாடின்றிக் கைபோன போக்கில் எழுதுவதையும் வரைவதையும் அவர்கள் ஒரு முறையாகவே பயின்றனர். சால்வதோர் தாலி 1931 இல் வரைந்த ஓர் ஓவியத்தில் கடிகாரங்கள் வெயிலில் உருகும் வெண்ணெய் போலத் துவண்டு கிடக்கின்றன. நாம் அறிந்த பொருளே. ஆயினும் நாம் அறியாத உலகம்.

அடிமைப்பட்டிருந்த நாட்டின் கலைஞர்களுக்கு இவ்வியக்கங்கள் இருவேறு முகங்களைக் காட்டின. பழைய கட்டுகளை உடைக்கும் விடுதலை ஒரு முகம். ஆள்வோரின் நாகரிகத்தை மீண்டும் ஒருமுறை படியெடுக்க நேருமோ என்னும் அச்சம் மறுமுகம்.

ஓவியரை உலுக்கிய வினா

பணிக்கரின் தொடக்ககால நீர்வண்ண ஓவியங்கள் பெரும் புகழ் பெற்றன. அடுத்து, வான்கா, கோகென் ஆகியோரின் தாக்கத்தால் அவருடைய தூரிகை அழுத்தமும் வண்ணச் செறிவும் கொண்டது. அமைதி, துயரம், பரிவு ஆகியவற்றைப் பேசும் மனித உருவங்களை அவர் வரைந்தார்.

1954 ஆம் ஆண்டு அவர் முதன்முறையாக வெளிநாடு சென்றார். இலண்டனிலும் பாரிசிலும் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. நூல்களில் அச்சுப்படங்களாக மட்டுமே கண்டிருந்த ஐரோப்பியப் புதுமை ஓவியங்களை அப்போது நேரில் கண்டார். தாலி முதலியோரின் படைப்புகள் அவரை ஆழமாகப் பாதித்தன. கண்முன் உள்ள உலகைக் கடந்து செல்ல ஓவியத்தால் இயலும் என்பதற்கு அவை சான்றாக நின்றன.

அதே பயணம் அவருக்குள் ஒரு வினாவையும் எழுப்பியது. தம் ஓவியங்களில் இந்தியத்தன்மை எங்கே இருக்கிறது என்பதே அவ்வினா. வரையப்பட்டவர் இந்தியர்; வரைந்தவரும் இந்தியர்; ஆனால், வரைந்த முறை பாரிசிலிருந்து வந்தது. புடைவையும் தென்னையும் ஓவியத்தில் இடம்பெற்றால் மட்டும் அது இந்திய ஓவியம் ஆகிவிடுமா? அவ்வாறன்றி, அசந்தாச் சுவரோவியங்களைத் திரும்ப வரைந்தால் அது இக்கால ஓவியம் ஆகுமா? வெளியிலிருந்து கடன் வாங்குவதும் பழமையிலிருந்து கடன் வாங்குவதும் கடனே என்பதை அவர் உணர்ந்தார்.

அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. பெயரும் பதவியும் பெற்றிருந்த நிலையில், பழகிய பாணியையே தொடர்ந்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். அவரோ அதனைக் கைவிடத் துணிந்தார். ஐம்பதுகளின் பிற்பகுதியில் வரைந்த ‘தோட்டம்’ என்னும் ஓவிய வரிசையில் உருவங்கள் தம் திரட்சியை இழந்தன. இலைகளும் மனிதர்களும் ஒரே தளத்தில், கோடும் வண்ணமுமாய் நெசவு போலப் பின்னிக்கிடந்தன. வெளிச்சமும் நிழலும் விடைபெற்றன. கோடு முன்னுக்கு வந்தது. தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளிலும் கோலங்களிலும் சுவரோவியங்களிலும் உயிராய் ஓடுவது கோடே என்பதை அவரும் அவருடைய மாணவர்களும் கண்டுணர்ந்த காலம் அது. பள்ளிக்கு அருகிலேயே இருந்த எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத் திருமேனிகள் அம்மாணவர்களுக்கு மற்றோர் ஆசிரியராய் அமைந்தன.

சொற்களும் குறியீடுகளும்

1963 ஆம் ஆண்டு ஒரு சிறு நிகழ்ச்சி பெருந்திருப்பமாயிற்று. மாணவர் ஒருவரின் கணக்குக் குறிப்பேட்டின் பக்கத்தைப் பணிக்கர் தற்செயலாகக் கண்டார். எண்கள், இயற்கணிதத்தின் உரோமன் எழுத்துகள், வடிவகணிதத்தின் கோடுகள் ஆகியவை அப்பக்கத்தில் நெருங்கி நின்றன. மாணவருக்கு அது விடை காண வேண்டிய கணக்கு. ஓவியருக்கோ அது காண வேண்டிய காட்சி. எழுத்தும் எண்ணும் தம் பொருளைத் துறந்து, வெறும் வடிவங்களாய் அவர் கண்முன் நின்றன. ‘சொற்களும் குறியீடுகளும்’ என்னும் புகழ்பெற்ற ஓவிய வரிசை அதிலிருந்து பிறந்தது.

இவ்வோவியங்களில் மலையாள எழுத்துகளைப் போன்ற வரிகள் நெருக்கமாக ஓடுகின்றன. சாதகக் கட்டங்கள், முக்கோணங்கள், வட்டங்கள், பட்டியல்கள், சிறு விலங்கு உருவங்கள் ஆகியன இடையிடையே அமைகின்றன. வீட்டுப் பரணில் கிடைத்த பழஞ்சுவடியோ, சோதிடர் விரித்த குறிப்போ என்று எண்ணத் தோன்றும். அருகே சென்று படிக்க முயன்றால் படிக்க இயலாது. எழுத்துப் போன்றவை உண்டு, சொல் இல்லை. அட்டவணை உண்டு, கணக்கு இல்லை.

படிக்க முடியாத எழுத்தால் பயன் என்ன என்னும் வினா இங்கு எழலாம். இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். ஆந்திர எல்லையை ஒட்டிய திருத்தணிக்கு ஆடிக்கிருத்திகை நாளில் காவடி எடுத்து வருவோரில் தமிழ் பேசுவோரும் உண்டு. தெலுங்கு பேசுவோரும் உண்டு. அத்தகைய எல்லையூரில் தெலுங்கு அறியாத தமிழ் மாணவர் ஒருவர் தெலுங்குப் பெயர்ப்பலகை ஒன்றைக் காண்பதாகக் கொள்வோம். பொருள் அவருக்குப் புலப்படாது. ஆனால், எழுத்தின் உருண்டைகளும் வளைவுகளும் தலைமேல் உள்ள சிறு கொடிகளும் மிகத் தெளிவாகப் புலப்படும். அம்மொழி அறிந்தவரோ பொருளை உடனே பற்றிக்கொண்டு வடிவத்தைக் காணாமலே கடந்துவிடுவார். பொருள் விலகும்போது வடிவம் வெளிப்படுகிறது. பணிக்கர் செய்தது இதுவே. எழுத்திலிருந்து பொருளை விலக்கி, அதன் வடிவ அழகைக் கண்ணுக்கு மீட்டுத் தந்தார்.

மீமெய்ம்மையியலார் கைபோன போக்கில் எழுதி அடிமனத்தை வெளிக்கொணர முயன்றனர். பணிக்கரின் எழுத்துகளிலும் அறிவின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்ட ஓட்டம் உண்டு. ஆயினும், இரண்டும் ஒன்றல்ல. தாலி முதலியோர் தனிமனிதரின் கனவுக்குள் இறங்கினர். பணிக்கர் இறங்கியது ஒரு சமூகத்தின் நினைவுக்குள். ஓலைச்சுவடி, சாதகக் குறிப்பு, தகட்டில் பொறித்த எந்திரம், வாசற்கோலம் ஆகியவை தென்னகத்தார் நாள்தோறும் கண்டு பழகிய வடிவங்கள். அவற்றின் பொருளை எல்லாரும் அறியாவிடினும், வடிவத்தை எல்லாரும் அறிவர். மேலை இயக்கங்களிடமிருந்து அவர் பெற்றுக்கொண்டது துணிவு. வரைந்த வடிவமோ இம்மண்ணுக்குரியது. எங்கே இந்தியத்தன்மை என்று இலண்டனில் எழுந்த வினாவுக்கு ஒன்பது ஆண்டுகள் கழித்து அவர் கண்ட விடை அது.

கடற்கரையில் ஒரு கலைக் கிராமம்

பணிக்கரை வாட்டிய கவலை மற்றொன்றும் உண்டு. திறமைமிக்க மாணவர்கள் ஆண்டுதோறும் பள்ளியை விட்டு வெளியேறினர். வெளியே அவர்களுக்கு வாழ வழியில்லை. நவீன ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவோர் அக்காலச் சென்னையில் மிகச் சிலரே. நல்ல ஓவியர் பலர் வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலை தேடித் தூரிகையை ஒதுக்கிவைக்க நேர்ந்தது. தந்தித் துறையில் தம் இளமையைக் கழித்த பணிக்கருக்கு அத்துயரம் புதிதன்று.

அதற்குத் தீர்வு காண, கலைஞர்கள் தம் கைத்திறத்தையே முதலாகக் கொள்ளலாம் என்று அவர் கருதினார். மெழுகுகொண்டு துணியில் வண்ணமேற்றும் பாத்திக் கலை, உலோக வேலை, தோல் வேலை முதலியவற்றைச் செய்து விற்கக் கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்று உருவாயிற்று. நாளின் ஒரு பகுதி கைவினைக்கு. மறு பகுதி ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும். கைவினை வயிற்றைக் காத்தது. அதனால் ஓவியம் எவருக்கும் பணியாமல் நின்றது.

அவ்வாறு சேர்ந்த பணத்தைக் கொண்டு, மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் உள்ள ஈஞ்சம்பாக்கத்தில் மணற்பாங்கான நிலம் வாங்கப்பட்டது. 1966 ஆம் ஆண்டு அங்குச் சோழமண்டலக் கலைஞர் கிராமம் தோன்றியது. சோழர் ஆண்ட கிழக்குக் கடற்கரையின் பழம்பெயரே கிராமத்தின் பெயராயிற்று. புரவலரின் கொடையை எதிர்பாராமல், கலைஞர்கள் தம் உழைப்பால் தாமே அமைத்துக்கொண்ட குடியிருப்பு என்பது அதன் சிறப்பு. தொடக்கத்தில் அங்கே இருந்தவை மணலும் சவுக்கும் கடற்காற்றுமே. ஓலைக் குடில்களில் வாழ்க்கை தொடங்கியது. சுல்தான் அலி, எஸ். ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, பி. கோபிநாத், வி. விசுவநாதன், சிற்பியும் பணிக்கரின் மகனுமான எஸ். நந்தகோபால் எனப் பலர் அக்கிராமத்தோடு இணைந்தனர். பாரதியின் பெயர் தாங்கிய திறந்தவெளி அரங்கும் அங்கே அமைந்தது.

கனவுலகின் ஓவியர்

பணிக்கர் என்னும் ஆசிரியரின் பரிவை உணர்வதற்கு கே. இராமானுசம் என்னும் மாணவரின் வாழ்வை அறிதல் வேண்டும். பேச்சுத் தடுமாற்றமும் மனநலக் குறைபாடும் கொண்டிருந்த அவ்விளைஞரைப் பலர் ஒரு பொருட்டாகக் கருதவில்லை. பணிக்கரோ அவர் கையிலிருந்து வழிந்த கோடுகளைக் கண்டார். பள்ளியிலும் பின்னர்ச் சோழமண்டலத்திலும் அவருக்கு இடம் அளித்தார்.

இராமானுசத்தின் ஓவியங்களில் வானளாவும் மாளிகைகளும் நெளியும் நாகங்களும் பறக்கும் மாந்தரும் விந்தை விலங்குகளும் இடைவெளியின்றி நிறைந்திருக்கும். அவ்வுலகின் நடுவே தொப்பி அணிந்த ஒரு மனிதர் தோன்றுவார், அவர் ஓவியரே. நிகழுலகம் மறுத்த மதிப்பைத் தம் கனவுலகில் அவர் தாமே சூட்டிக்கொண்டார் எனலாம். மீமெய்ம்மையியல் என்பதற்குத் தமிழகம் தந்த நெருங்கிய சான்று இவ்வோவியங்களே. ஆனால், இக்கனவு பாரிசின் அறிக்கையைப் படித்துப் பிறந்ததன்று. கோயில் கோபுரமும் புராணக் கதையும் ஊறிய மனத்திலிருந்து எழுந்தது. அவர் 1973 இல் இளம்வயதிலேயே மறைந்தார். ஆயினும், அவர் வரைந்தவை இந்திய நவீன ஓவிய வரலாற்றில் தனியிடம் பெற்றுள்ளன. ஒதுக்கப்பட்ட ஒருவரின் கோட்டைக் கூர்ந்து நோக்க ஓர் ஆசிரியர் இல்லாதிருந்தால், அக்கனவுகள் தாளுக்கு வராமலே போயிருக்கும்.

தம் பாணியைப் பின்பற்றுமாறு பணிக்கர் எவரையும் வற்புறுத்தவில்லை என்பதற்கும் இராமானுசம் சான்றாவார். ஆசிரியரின் எழுத்துக் குறிகளுக்கும் மாணவரின் மாளிகைகளுக்கும் தொடர்பே இல்லை. சென்னைக் கலைப் பள்ளியில் உருவான கே. எம். ஆதிமூலம், ஏ. பி. சந்தானராஜ், எல். முனுசாமி போன்றோரும் தத்தமக்குரிய தனிவழியையே கண்டனர். ஆதிமூலத்தின் கோட்டோவியங்கள் தமிழ் இதழ்களின் வழியாகக் கண்காட்சிக்கே செல்லாத வாசகரையும் எட்டின.

நிறைவு

1976 இல் லலித் கலா அகாதெமி பணிக்கருக்கு அதன் உயர் சிறப்பான பெல்லோஷிப் வழங்கிப் பெருமைப்படுத்தியது. அடுத்த ஆண்டு, 1977 ஜனவரித் திங்களில் அவர் காலமானார். திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரால் அமைந்த கூடத்தில் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவர் நட்ட சோழமண்டலம் இன்றும் கலைஞர் வாழும் ஊராகவே விளங்குகிறது.

புதுமை எங்கிருந்து வந்தாலும் அதனைக் கண்டு அஞ்சுவோர் உண்டு. கண்டவுடன் படியெடுப்போரும் உண்டு. இவ்விரு வழிகளையும் தவிர்த்து, வந்த புதுமையை உரைகல்லாகக் கொண்டு தம் மண்ணின் பொன்னை உரைத்துப் பார்த்தவர் பணிக்கர். பிறர் மொழியைத் திறம்படப் பேசுவதைக் காட்டிலும், தமக்கென ஒரு மொழியைத் தேடி அடைவதே கலைஞரின் கடமை என்பதை அவருடைய படிக்க இயலாத எழுத்துகள் உணர்த்திக்கொண்டே இருக்கின்றன.

கற்பவை கற்றபின்...

1. நீங்கள் அறியாத மொழி ஒன்றின் எழுத்துகளைக் கூர்ந்து நோக்கி, அவற்றின் வடிவங்களை மட்டும் கொண்டு ஓர் ஓவியம் வரைக.
2. உங்கள் வீட்டிலும் ஊரிலும் காணப்படும் கோலம், கட்டம், குறி ஆகியவற்றைத் திரட்டித் தொகுப்பேடு உருவாக்குக.
3. பிறநாட்டுக் கலை இயக்கங்களின் தாக்கம் நம் கலைக்கு வளம் சேர்க்கிறதா, அடையாளத்தைக் குலைக்கிறதா என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.